தங்கவயல் கதை – 12: மிஷின் வந்தது, ஆள் போனது எப்போது?

பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905-இல். அதற்கு மூன்று ஆண்டு முன்பே, 1902 ஜூன் 30 அன்று, கோலார் தங்கவயலுக்குக் காவிரி மின்சாரம் வந்து சேர்ந்துவிட்டது. சிவசமுத்திர அருவியிலிருந்து 92 மைல், ஏறக்குறைய 148 கிலோமீட்டர், கம்பியிலேயே பயணம். அவ்வளவு தூரத்துக்கு மின்சாரத்தை இழுத்துச் சென்ற கம்பிகள் அன்றைய உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தன. திட்டம் போட்டவர் மைசூர் அரசில் பணியாற்றிய ராணுவப் பொறியாளர் ஜோலி த லோபினியர். அதற்காக மல்லுக்கட்டியவர் திவான் சேஷாத்ரி ஐயர். பாவம், கம்பியில் மின்சாரம் ஓடியதைப் பார்க்க அவர் இல்லை. முந்தைய செப்டம்பரிலேயே காலமாகிவிட்டார்.

மின் இயந்திரங்கள் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியுடையவை. நீர்ச்சக்கரங்கள் சுவிட்சர்லாந்தின் எஷர் வைஸ் செய்து அனுப்பியவை. சுரங்க நிர்வாகம் லண்டன் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கையில். அருவி மகாராஜாவுக்குச் சொந்தம். இத்தனை பேர் கூடி உண்டாக்கிய மின்சாரம் அரண்மனைக்கும் போகவில்லை, அங்காடிக்கும் போகவில்லை. நேராகச் சுரங்கத்துக்குள் இறங்கியது.

அதுவரை சுரங்கத்தை ஓட்டியது நீராவி. கீழேயிருந்து பாறையைத் தூக்கவும், ஊறும் தண்ணீரை இறைக்கவும், உடைத்த கல்லைப் பொடியாக்கவும் கொதிகலன்கள் இரவு பகலாக எரிந்தன. சுற்றுவட்டாரக் காடுகள் விறகாகி அந்த வாயில் போயின. பங்காருப்பேட்டையிலிருந்து 1894-இல் போடப்பட்ட ரயில் பாதை நிலக்கரியையும் கொண்டுவந்து கொட்டியது. விறகு வெட்டியவன், வண்டி கட்டியவன், கொதிகலனுக்குள் விறகைத் தள்ளியவன் என எல்லோருடைய பிழைப்புக்கும் காவிரிக் கம்பி ஒரே நாளில் வேட்டு வைக்கத் தொடங்கியது.

மிஷின் வந்தால் ஆள் குறையும் என்பது நமக்குப் பழகிப்போன கணக்கு. தங்கவயலில் அந்தக் கணக்கு ஐம்பது ஆண்டுக்கும் மேலாகப் பொய்த்துக்கொண்டே இருந்தது. இந்த அத்தியாயம் அதைப் பற்றியதுதான்.

1891-இல் இந்த ஊரின் மக்கள்தொகை 7,085. 1901-இல் 38,204. மின்சாரம் வந்த பிறகு இந்த எண்ணிக்கை சரிந்திருக்க வேண்டும் அல்லவா? மேலும் ஏறியது. காரணம், தங்கம் இருந்த விதம். சாம்பியன் ரீஃப் எனப்படும் அந்தத் தங்கரேகை தரைக்குள் சாய்வாக இறங்கிக்கொண்டே போனது. ஓரிடத்தில் எடுத்து முடித்தால் அடுத்தது அதற்குக் கீழேதான். நீராவியால் எட்ட முடியாத ஆழத்தை மின்சாரம் எட்டியது. ஆழம் கூடக் கூட முட்டுக் கொடுக்க ஆள், உடைந்த பாறையை அள்ள ஆள், தள்ளுவண்டி தள்ள ஆள், காற்றுக்கும் தண்ணீருக்கும் குழாய் போட ஆள். மேலே பத்துப் பேர் வேலையை விழுங்கிய மிஷின் கீழே இருபது பேருக்கு வேலை உண்டாக்கியது. பாறையில் தங்கம் நிறைந்திருந்தவரை கம்பெனிக்கு அந்த இருபது பேரும் லாபம்தான். தொடக்க காலத்தில் ஒரு டன் பாறைக்கு 40 கிராமுக்கும் மேல் தங்கம் கிடைத்த சுரங்கம் இது என்பதை மறந்துவிடக் கூடாது.

பாறையில் துளை போடும் வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். கைவேலைக் காலத்தில் ஒருவர் உளியைப் பிடிப்பார், இன்னொருவர் சம்மட்டியால் அடிப்பார். ஒவ்வொரு அடிக்கும் உளியைச் சற்றே திருப்ப வேண்டும். திருப்பாவிட்டால் உளி பாறையில் சிக்கிக்கொள்ளும். அடி பிசகினால் பிடித்தவர் கை போகும். மெழுகுவத்தி வெளிச்சத்தில், குனிந்த இடுப்போடு, இப்படித்தான் துளைகள் இறங்கின. போதுமான துளைகள் ஆனதும் டைனமைட் திணித்து, திரியைப் பற்றவைத்துவிட்டு ஆட்கள் விலகிவிடுவார்கள். புகை அடங்கிய பிறகு அடுத்த ஷிப்ட் உள்ளே போய் உடைந்த கல்லை மண்வெட்டியால் அள்ளும்.

இந்தக் கைவேலையைச் சொல்லிக்கொடுக்க வந்தவர்கள் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான கார்ன்வால் பகுதிச் சுரங்கத் தொழிலாளர்கள். அவர்கள் கதையும் வேலை போன கதைதான். 1860களின் பிற்பகுதியில் செம்பு விலை விழுந்து கார்ன்வால் சுரங்கங்கள் வரிசையாக மூடின. அங்கிருந்தவர்கள் ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவின் மிச்சிகனுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் சிதறினார்கள். ஒரு கூட்டம் தங்கவயலின் மாரிகுப்பத்துக்கு வந்தது. வடஆர்க்காட்டிலும் சேலத்திலும் தாது வருஷப் பஞ்சத்தில் அடிபட்டவர்கள் மறுபக்கத்திலிருந்து அதே ஊருக்கு வந்தார்கள். சொந்த ஊரில் பிழைப்பற்றுப் போனவர்கள் இரண்டு தரப்பும். ஒருவருக்குப் பங்களாவும் தோட்டமும் கிடைத்தன, மற்றவருக்கு மூங்கில் தட்டி வீடு கிடைத்தது என்ற வித்தியாசத்தைச் சென்ற அத்தியாயங்களில் விரிவாகவே பார்த்தோம்.

அழுத்தக் காற்றில் ஓடும் துளைக்கும் மிஷின் வந்தபோது சம்மட்டிக்காரர் பாடு திண்டாட்டம் ஆனது. நாள் முழுக்க அடித்துப் போடும் துளையை மிஷின் கொஞ்ச நேரத்தில் போட்டது. கம்பெனி முதலில் அந்த மிஷினைத் தமிழர் கையில் தரவில்லை. ஐரோப்பியர்களும், இத்தாலியிலிருந்து அழைத்து வந்தவர்களும், ஆங்கிலோ இந்தியர்களும் மிஷின் பக்கம். தமிழர்கள் மண்வெட்டிப் பக்கம். ஆண்டுகள் போகப் போகத்தான், குறைந்த கூலிக்கு அதே வேலையை இவர்களே செய்வார்கள் என்று கண்டுகொண்ட கம்பெனி மிஷினைக் கைமாற்றியது. யார் வேலை போகும் என்பதை மிஷின் தீர்மானிக்கவில்லை. கூலிப் பட்டியலை எழுதியவர்கள் தீர்மானித்தார்கள்.

மிஷின் கைக்கு வந்தது பதவி உயர்வு. கூடவே ஒன்று வந்தது. சம்மட்டி அடியில் பாறை சில்லு சில்லாகப் பெயரும். மிஷின் அதை மாவாக அரைக்கும். காற்றோட்டம் குறைந்த குகைக்குள், தண்ணீர் பீய்ச்சாமல் துளைத்தால், கண்ணுக்குத் தெரியாத சிலிக்காத் தூசு நுரையீரலுக்குள் போய்த் தங்கிவிடும். 1940 முதல் 1946 வரை தங்கவயல் தொழிலாளர்கள் 7,653 பேரைப் பரிசோதித்தார்கள். 3,402 பேருக்கு சிலிகோசிஸ். நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேர். இந்தியாவில் இந்த நோய் முதன்முதலில் முறையாகப் பதிவானது இங்கேதான்.  மூச்சு வாங்குகிறது என்று வாய்விட்டுச் சொன்னால் சுரங்கத்துக்குள் இறக்க மாட்டார்கள். இறங்காவிட்டால் கூலி இல்லை. இருமலை மறைக்கத்தானே தோன்றும்?

இவ்வளவுக்கும் பிறகு ஏன் இந்த வேலையை இப்படி இறுகப் பிடித்துக்கொண்டார்கள் என்று இன்றைய வாசகர் கேட்கலாம். பதில் சுரங்கத்துக்கு வெளியே இருக்கிறது. வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட மக்கள். ஊரில் பண்ணையாரின் களத்துமேடு, சேரி, கைகட்டி நிற்றல். இங்கே ஷிப்ட், சம்பளச் சீட்டு, சந்தை. அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிகுப்பத்தில் கிளை உண்டானது. அவர் தொடங்கிய ‘தமிழன்’ இதழ் அவருக்குப் பின் 1926-இல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. பகலில் பாறை உடைத்தவர்கள் மாலையில் கூடிப் பத்திரிகை படித்த ஊர் இது. இந்த வேலை போனால் கூலி மட்டும் போகாது, களத்துமேட்டுக்குத் திரும்ப வேண்டும். அந்தப் பயத்துக்கு முன்னால் தூசுப் பயம் சிறிதாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

1930-இல் நடந்ததை இந்த வெளிச்சத்தில் பார்த்தால்தான் புரியும். அந்த ஆண்டு நிர்வாகம் பதிவு அலுவலகம் ஒன்றைத் திறந்து, ஒவ்வொரு தொழிலாளியும் கைரேகை வைக்க வேண்டும் என்றது. அதுவரை ஒரு சுரங்கத்தில் சீட்டு கிழிந்தவர் காண்டிராக்டர் மூலமாக அடுத்த சுரங்கத்தில் நுழைந்துவிட முடியும். கைரேகை வந்தால் அந்தச் சந்து அடைபட்டுவிடும். ஒரு மேனேஜர் துரத்தினால் எல்லாக் கதவும் மூடிக்கொள்ளும். மேலும், கைரேகை எடுப்பது திருடனிடம் அல்லவா? முறையான தொழிற்சங்கம் அப்போது இல்லை. ஆனாலும் ஏறக்குறைய 18,000 பேர் வேலைக்குப் போகாமல் மூன்று வாரம் நின்றார்கள். நிர்வாகம் இறங்கிவர வேண்டியதாயிற்று. பாறை துளைக்கும் மிஷினை எதிர்த்து இப்படியொரு வேலைநிறுத்தம் செய்யாத மக்கள், மை தடவிய ஒரு காகிதத்தை எதிர்த்து ஊரையே நிறுத்தினார்கள். இன்று அலுவலக வாசலில் கட்டைவிரலை வைத்துவிட்டு உள்ளே போகிறவர்கள் இதைக் கொஞ்சம் நின்று யோசிக்கலாம்.

 

1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. 1962-இல் அவை மத்திய அரசிடம் போயின. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற கம்பெனி ஆயிற்று. துரைமார் போய் நம்மவர் வந்தாயிற்று, இனி வேலைக்கு ஆபத்தில்லை என்று ஊர் நம்பியது. ஆனால் மேலே கொடி மாறிய அதே காலத்தில் கீழே பாறை மெலிந்துகொண்டிருந்தது. டன்னுக்கு 40 கிராம் கொடுத்த பாறை கடைசியில் மூன்று நான்கு கிராமுக்கு வந்து நின்றது. சுரங்கமோ மூன்று கிலோமீட்டரைத் தாண்டி இறங்கிவிட்டது. அங்கே பாறையின் சூடு 60 டிகிரி செல்சியஸுக்கு மேல். குளிரூட்டிய காற்றை மேலிருந்து அனுப்பினால்தான் ஆள் நிற்க முடியும். திடீர் திடீரென்று பாறை வெடித்துச் சிதறும். ஊரார் ‘ஏர் பிளாஸ்ட்’ என்பார்கள். கீழே வெடித்தால் மேலே தொழிலாளர்களின் லைன் வீடுகளில் பாத்திரம் உருளும். இந்த ஆழத்தால் ஆதாயம் அடைந்தவர்கள் விஞ்ஞானிகள். 1965-இல் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தார் ஜப்பானிய, பிரிட்டிஷ் அறிஞர்களோடு சேர்ந்து வளிமண்டல நியூட்ரினோவின் தடத்தைப் பிடித்தது இந்தச் சுரங்கத்துக்குள்தான்.

இன்னொரு பக்கம், சுரங்கம் தோண்டிய தங்கத்தை அரசு சந்தை விலைக்கு எடுக்கவில்லை. வெகுகாலம் சர்வதேச நிதியத்தின் அதிகாரபூர்வ விலைக்கே எடுத்துக்கொண்டது. நகைக்கடையில் ஒரு விலை, சுரங்க வாசலில் அதைவிடக் குறைந்த விலை. பிறகு கம்பெனி நஷ்டத்தில் ஓடுகிறது என்று கணக்கு எழுதினார்கள். இந்தக் கணக்கை எழுதியவர்களை யாரும் கைரேகை வைக்கச் சொல்லவில்லை.

வேலைக்கு வந்த ஆபத்து என்றால் நாட்டின் பிற பகுதிகளில் அப்போது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது கணிப்பொறி. 1960களில் கல்கத்தாவில் எல்.ஐ.சி. ஊழியர்கள் இலாக்கோ ஹவுஸ் வாசலில் முறைவைத்துக் காவல் இருந்து கணிப்பொறியை உள்ளே விடாமல் தடுத்தார்கள். 1983-இல் வங்கி ஊழியர் சங்கங்கள் கணிப்பொறிக்கு வரம்பு கட்டி ஒப்பந்தம் போட்டன. தங்கவயல் சங்கங்களுக்கு அந்த வழியே இல்லை. கணிப்பொறியை வாசலில் மறிக்கலாம். பாறையில் கிராம் குறைவதை எந்த வாசலில் மறிப்பது?

இதற்கிடையே ஊருக்குள்ளேயே இன்னொரு வாசல் திறந்திருந்தது. 1964-இல் உருவான பாரத் எர்த் மூவர்ஸ், ஊர் வழக்கில் பெமல், தங்கவயலில் தொழிற்சாலை தொடங்கியது. புல்டோசர், எக்ஸ்கவேட்டர், பிறகு பெரிய பெரிய டம்பர்கள். சுரங்கத்துக்குள் மண்வெட்டியால் கல் அள்ளியவரின் மகன் மேலே, நூறு பேர் அள்ளுவதை ஒரே வாயில் அள்ளும் இயந்திரத்துக்கு வெல்டிங் வைத்தார். அந்த இயந்திரங்கள் நாட்டின் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய் அங்கே மண்வெட்டிகளை ஓரங்கட்டின. எங்கோ ஒரு தொழிலாளியின் வேலையைத் தின்னும் மிஷின் தங்கவயலில் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. இதில் தங்கவயல்காரர் குற்ற உணர்ச்சி கொள்ள எதுவுமில்லை. ஆனால் ‘மிஷின் வேலையைத் தின்னுமா, தருமா’ என்ற கேள்விக்கு நீங்கள் நிற்கும் ஊரைப் பொறுத்துப் பதில் மாறும் என்பதற்கு இதைவிடச் சுத்தமான சாட்சி கிடைப்பது கடினம்.

சுரங்கத்தில் ஆள் குறைந்தது சத்தமில்லாமல் நடந்தது. தேசியமயமானபோது இருபதாயிரத்துக்கும் மேல் இருந்த ஆட்கள், ஓய்வு பெற்றவர் இடத்துக்கு ஆள் எடுக்காமல், விருப்ப ஓய்வுத் திட்டம் கொடுத்து, ஒவ்வொரு சுரங்கமாக மூடி, மூவாயிரத்துச் சொச்சத்துக்கு இறக்கப்பட்டார்கள். 1992-இல் கம்பெனி நலிந்த தொழில்களுக்கான வாரியத்திடம் போனது. 2000 ஜூனில் வாரியம் மூடிவிடலாம் என்றது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. நூற்றிருபது ஆண்டில் ஏறக்குறைய 800 டன் தங்கம் கொடுத்த ஊரில் மறுநாள் ஷிப்ட் சங்குக்கு வேலையில்லை.

அந்த நாள் தங்கம் விலை என்ன தெரியுமா? உலகச் சந்தையில் ஓர் அவுன்ஸ் சுமார் 260 டாலர். இருபது ஆண்டில் கண்ட மிகத் தாழ்ந்த விலைக்கு அருகில் அது. பத்தே ஆண்டில், 2011-இல், அது 1,900 டாலரைத் தொட்டது. 2025-இல் 3,000 டாலரைத் தாண்டியது. இதே கர்நாடகத்தில் ராய்ச்சூர் மாவட்டத்து ஹட்டி சுரங்கம் இன்றும் ஓடுகிறது. தென்னாப்பிரிக்காவில் கோலாரைவிட ஆழமான சுரங்கங்கள் ஓடுகின்றன. தங்கவயலைத் தொடர்ந்து நடத்தியிருக்க முடியும் என்று அடித்துச் சொல்ல இது போதாது. அந்த ஆழம், அந்தச் சூடு, மெலிந்த பாறை எல்லாம் உண்மைதான். ஆனால் கடைசி மூவாயிரம் பேரின் சீட்டைக் கிழித்தது எந்த மிஷினும் இல்லை. ஒரு விலைப் பட்டியலும், அது மாறும்வரை பொறுக்கத் தயாராக இல்லாத ஒரு தீர்மானமும்தான்.

மூடிய பிறகு ஊர் ரயிலேறியது. மாரிகுப்பத்திலிருந்தும் உரிகத்திலிருந்தும் விடியுமுன் புறப்படும் ரயில்கள் ஆண்களையும் பெண்களையும் நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெங்களூருக்கு அள்ளிச் செல்கின்றன. ஆயத்த ஆடை ஆலை, செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், கடைகள், படித்தவர்களுக்குக் கணினி முன் உட்காரும் வேலை. திரும்பி வரும்போது இருட்டிவிடும். சினிமாக்காரர்கள் கே.ஜி.எஃப். என்றதும் துப்பாக்கியைத் தூக்குகிறார்கள். நிஜ கே.ஜி.எஃப். டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு பங்காருப்பேட்டை பிளாட்பாரத்தில் நிற்கிறது. தாத்தாவுக்குத் துளைக்கும் மிஷின், அப்பாவுக்குச் சுரங்க மூடல், பேரப்பிள்ளைக்குச் செயற்கை நுண்ணறிவு. வாடிக்கையாளர் கேள்விக்குப் பதில் சொல்லும் வேலையையும், படிவம் நிரப்பும் வேலையையும் மென்பொருளே பார்த்துக்கொள்ளும் என்று பெங்களூர்க் கம்பெனிகள் பேசத் தொடங்கிவிட்டன. அவர்கள் பேசும் ஆட்களில் இந்த ரயிலில் வருகிறவர்களும் உண்டு. பெமல் இருக்கிறதே என்றால், அதன் 26 சதவீதப் பங்கை நிர்வாக உரிமையோடு சேர்த்து விற்க 2021 ஜனவரியில் மத்திய அரசு விருப்ப மனுக்கள் கேட்டதை ஊர் மறக்கவில்லை.

இப்போது புதிதாக ஒரு பேச்சு. தங்கம் பிரித்தெடுத்த பின் கொட்டிய கழிவுமண் ஊரைச் சுற்றி மலை மலையாகக் குவிந்திருக்கிறது. சயனைடு மலை என்பார்கள். காற்றடிக்கும் மாதங்களில் அந்த மண் பறந்து வீட்டுக்குள் வரும். 3.3 கோடி டன் இருக்கும் என்பது கணக்கு. முன்பு பிரியாமல் தப்பிய தங்கம் அதில் இன்னும் இருக்கிறது. இன்றைய விலைக்கு அதைப் பிரித்தெடுப்பது லாபம். ஆயிரம் ஏக்கருக்குச் சற்று அதிகமான பரப்பில் உள்ள 13 மேடுகளில் அந்த வேலையைத் தொடங்க 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. சுரங்கம் மறுபடி திறக்கிறது என்று ஊரில் பட்டாசு வெடிக்காத குறை.

வேலையின் தன்மையைப் பார்த்தால் அந்த உற்சாகம் குறையும். இங்கே பாறைக்குள் இறங்க வேண்டியதில்லை, துளை போட வேண்டியதில்லை, முட்டுக் கொடுக்க வேண்டியதில்லை. எக்ஸ்கவேட்டர் அள்ளும், டம்பர் கொட்டும், தொட்டியில் ரசாயனம் வேலை செய்யும். ஷிப்டுக்குச் சிலரே போதும். ஆழம் போகப் போக ஆள் தேவைப்பட்ட பழைய கணக்கு கழிவுமண் மேட்டுக்குப் பொருந்தாது. ஆகவே ஒப்பந்தம் எழுதும்போதே எத்தனை வேலை, அதில் உள்ளூர்க்காரருக்கு எத்தனை, நிரந்தரமா காண்டிராக்டா, பறக்கும் மண்ணுக்கு யார் பொறுப்பு என்ற நான்கையும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். 1930-இல் சங்கமே இல்லாத காலத்தில் ஒரு காகிதத்தைப் படித்துப் புரிந்துகொண்ட ஊருக்கு இந்தக் காகிதமும் புரியாமல் போகாது.

அடுத்த இதழில்: லைன் வீடுகள் யாருக்குச் சொந்தம்?